சிக்னலுக்கு நிழல் வந்தது... உறுவையாறு வயலுக்கு?

2024 மே மாதம் புதுச்சேரி சிக்னல்களில் பொதுப்பணித்துறை போட்ட பச்சைப் பந்தல் ஞாபகம் இருக்கிறதா? பைக்கில் வருபவர்கள் சிக்னல் விழும்வரை நிழலில் நிற்கட்டும் என்று செய்த ஏற்பாடு. வீடியோ நாடு முழுக்க வைரலானது. நல்ல விஷயம்தான், பாராட்டலாம்.

ஆனால் வில்லியனூரைத் தாண்டி உறுவையாறு பக்கம் போனால் காட்சியே வேறு. நவரை நெல் அறுவடை, கரும்புத் தோட்டம், வாய்க்கால் தூர்வாரும் வேலை, டவுனுக்கு பஸ் ஏறும் சித்தாள்கள். இவர்கள் வெயிலில் நிற்பது ஒரு நிமிடம் இல்லை, ஆறேழு மணி நேரம்.

'வெப்ப அலை' என எப்போது சொல்வார்கள்?

கடலோரப் பகுதி என்றால், அதிகபட்ச வெப்பநிலை 37 டிகிரியைத் தொட வேண்டும், வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். இது வானிலை ஆய்வு மையத்தின் கணக்கு. அதுவும் நிழலில் வைத்த கருவி காட்டும் அளவு.

நம்ம ஊர்ப் பிரச்சினையே புழுக்கம்தான். 36 டிகிரியோடு காற்றில் ஈரப்பதம் 60 சதவீதம் இருந்தால், உடம்புக்கு அது 46 டிகிரிக்கு மேல் தெரியும். வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. ஆனால் கணக்குப்படி அன்றைக்கு வெப்ப அலையே இல்லை!

கத்திரிக்கு முன்னாடியே வந்தால் என்ன?

வெயிலுக்குப் பழக உடம்புக்கு ஒன்றிரண்டு வாரம் வேண்டும். மார்ச், ஏப்ரலில் திடீரென ஏறும் வெயில் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. அதனால் ஆபத்தும் அதிகம்.

என்ன செய்யலாம்?

மாஹேயைச் சுற்றியிருக்கும் கேரளாவில் ஒவ்வொரு கோடையிலும் தொழிலாளர் துறை உத்தரவு போடுகிறது. வெயிலில் வேலை செய்பவர்களுக்கு மதியம் 12 முதல் 3 மணி வரை ஓய்வு. காலை 7 முதல் மாலை 7-க்குள் எட்டு மணி நேர வேலையை முடித்துக்கொள்ளலாம். தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நிவாரணம் தேவைதான். ஆனால் அது உயிர் போன பிறகு வருவது. நேரத்தை மாற்றுவது உயிரைக் காப்பது.

புதுச்சேரியால் முடியாதா? 2024-ல் வெயிலைப் பார்த்து ஏப்ரல் 29 முதலே பள்ளிகளுக்கு லீவு விட்ட அரசு இது. பிள்ளைகளுக்காக நேரத்தை மாற்ற முடிந்தால், அவர்களின் அம்மா அப்பாவுக்காகவும் முடியும். ஒரே நிபந்தனை, கூலி குறையக்கூடாது. குறைந்தால் யாரும் நிழலுக்கு வர மாட்டார்கள். அரைநாள் கூலியை விட்டுவிட்டு ஓய்வெடுக்கும் வசதி அன்றாடம் உழைப்பவருக்கு இல்லை.

உத்தரவு வரும்வரை நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. வில்லியனூர், பாகூர் பக்கம் மனை வாங்கி வீடு கட்டுபவர்கள் நம்மில் எத்தனை பேர்? மேஸ்திரியிடம் இன்றே சொல்லுங்கள்: "மதியம் 12 டு 3 வேலை வேண்டாம். கூலி முழுசா தர்றேன்." வீடு நாலு நாள் தள்ளி முடியும். முடியட்டுமே.