காய்ச்சல் தணிந்தது, ஆபத்து தணியவில்லை

"காய்ச்சல் விட்டுவிட்டது, உடம்பு சில்லென்று இருக்கிறது."

திருவெறும்பூரில் நமக்கு அறிமுகமான ஓர் இல்லத்தில், எழுபது வயதைக் கடந்த தாயாரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து வீட்டார் இவ்வாறு ஆறுதலடைந்தனர். மூன்று நாள் காய்ச்சலுக்கு மருந்துக் கடை மாத்திரைகளே கொடுக்கப்பட்டிருந்தன. நான்காம் நாள் காலை உடல் குளிர்ந்தது. மருமகளுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "அத்தை, கஞ்சி குடிக்கிறீர்களா?" என்று கேட்டதற்கு, என்றோ இறந்துபோன தம் தங்கையின் பெயரைச் சொல்லி அவளை அழைத்தார் அத்தை. மூச்சு வேகமாக வாங்கியது. முந்தின இரவு முதல் சிறுநீர் கழியவில்லை. "தூக்கக் கலக்கம்தான்" என்று மற்றவர் சொல்லியும் கேளாமல் அவள் 108-ஐ அழைத்தாள்.

மருத்துவமனையில், இரத்த அழுத்தம் மிகத் தாழ்ந்திருப்பதைக் கண்டனர். சர்க்கரை நோயாளியான அம்மூதாட்டியின் பாதத்தில் ஒரு புண் சீழ் பிடித்திருந்தது. பிள்ளைகளுக்குச் சுமையாகக் கூடாதென்று அதை அவர் மறைத்து வைத்திருந்தார். கால் விரல்கள் இரண்டை இழந்து, ஆனால் உயிரோடு, பதினொரு நாட்களுக்குப் பின் வீடு திரும்பினார்.

இந்நோய்க்கு மருத்துவர் வழங்கும் பெயர் 'செப்சிஸ்'. நம் முன்னோர் இரத்தத்தில் நஞ்சேறுதல் என்றனர். புண்ணிலோ, நுரையீரலிலோ, சிறுநீர்ப் பாதையிலோ, குடலிலோ புகுந்த கிருமியை எதிர்த்துப் போரிடும் உடல், அப்போரில் நிலைதடுமாறித் தன் உறுப்புகளையே தாக்கத் தொடங்குவதே இந்நோய். உலகெங்கும் 2017-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4 கோடியே 89 இலட்சம் பேர் இதற்கு ஆளாயினர் என்றும், 1 கோடியே 10 இலட்சம் பேர் மாண்டனர் என்றும் ஆய்வாளர் கணித்துள்ளனர். அதாவது, அவ்வாண்டில் இறந்தோருள் ஐவரில் ஒருவர் இந்நோயோடு இறந்தனர்.

இந்நிலையில் அவசர சிகிச்சைப் பிரிவிற்கு வருவோருள் சிலர் பிழைப்பதும் சிலர் மாள்வதும் எதனால்? காரணங்களை இரு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, நம் கையில் இல்லாதவை. முதுமை, சர்க்கரை நோய், சிறுநீரகம் அல்லது கல்லீரல் பழுது, புற்றுநோய் ஆகியவை உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கின்றன. பச்சிளங் குழந்தைகளும் அண்மையில் பிள்ளை பெற்ற தாய்மாரும் எளிதில் இதற்கு இலக்காவர். வந்து சேரும்போதே எத்தனை உறுப்புகள் தளர்ந்துள்ளன என்பதும் முடிவைப் பெரிதும் தீர்மானிக்கும். இரத்தத்தில் 'லாக்டேட்' என்னும் பொருளின் அளவை மருத்துவர் சோதிப்பதும் இதன் பொருட்டே. அது மிகுந்திருப்பின் ஆபத்தும் மிகுதி.

இரண்டாம் வகை, காலம். 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்நோயால் இரத்த அழுத்தம் வீழ்ந்தவர்களின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்தது. அழுத்தம் வீழ்ந்த முதல் மணி நேரத்திற்குள் தகுந்த கிருமிக்கொல்லி மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது பேர் பிழைத்தனர். அதன்பின் முதல் ஆறு மணி நேரத்தில், ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் பிழைக்கும் வாய்ப்பைச் சராசரியாக நூற்றுக்கு ஏழெட்டு வீதம் குறைத்தது. எல்லாக் காய்ச்சலுக்கும் இக்கணக்குப் பொருந்தாது. ஆயினும் அது புகட்டும் பாடம் தெளிவானது.

மருந்து விரைவாக இருப்பது மட்டும் போதாது. சரியானதாகவும் இருத்தல் வேண்டும். சீழ் தங்கியிருப்பின் அதை வெளியேற்றியாக வேண்டும். நம் நாட்டில் காணும் உண்ணிக் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். புதர்களில் வாழும் நுண்ணிய உண்ணி கடிப்பதால் வருவது இது. கடித்த இடத்தில் சிலருக்குக் கருநிறப் பொருக்கு ஒன்று தோன்றும். அக்குளிலோ தொடையிடுக்கிலோ அது மறைந்திருக்கக்கூடும். செப்சிஸுக்கு வழக்கமாகத் தரும் பல மருந்துகள் இதற்குப் பயன்படா. இக்காய்ச்சல் முற்றிய நிலையில், டாக்சிசைக்கிளின், அசித்ரோமைசின் ஆகிய இரு மருந்துகளையும் சேர்த்து ஊசிவழி தருவது ஒன்றை மட்டும் தருவதினும் நற்பயன் அளிக்கிறதென வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் எடுத்துக்காட்டியது. ஆகவே வயல் வேலைக்கோ புல்லறுக்கவோ சென்று வந்ததை மருத்துவரிடம் சொல்வதும் ஒருவகையில் சிகிச்சையே.

வீட்டார் கவனிக்க வேண்டியவை எவை? கிருமித் தொற்றோ காய்ச்சலோ உள்ள பெரியவருக்குப் பேச்சுத் தடுமாறுதல், நிமிடத்திற்கு 22 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குதல், சிறுநீர் குறைதல், கைகால் சில்லிட்டுத் தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறுதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் மறுநாள் வரை பொறுத்தலாகாது. குழந்தை பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தாலும் அவ்வாறே. முதியவர்க்குக் காய்ச்சலே இல்லாமலும் இந்நோய் வரும். உடல் அளவுக்கு மீறிக் குளிர்வதும் ஓர் அபாய அறிகுறியே.

புறப்படும்போது உண்ணும் மருந்துகளின் சீட்டையும், காய்ச்சல் தொடங்கிய நாளையும், சர்க்கரை, ஒவ்வாமை விவரங்களையும் ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். மாலை வேளையில் தஞ்சைச் சாலையின் நெரிசலை நம் பகுதியினர் நன்கு அறிவர். எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்ற விவாதத்தை நோயாளி மயங்கிய பின் தொடங்காமல், நலமாய் இருக்கும் நாளிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். பழைய சீட்டைக் காட்டிக் கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கி, இரண்டு நாள் தின்று நிறுத்தும் பழக்கத்தையும் கைவிடுவோம். நோயை மறைத்து, கிருமிகளை மருந்துக்கு அடங்காதவையாக்குவது அதுவே.

இவையனைத்தும் செய்தும் சிலர் பிழைப்பதில்லை. அத்தகைய இல்லத்தாரிடம் சென்று, "இன்னும் முன்னமே கொண்டு போயிருக்கலாமே" என்று எவரும் சொல்ல வேண்டா. அச்சொல் இறந்தவரைத் திருப்பித் தராது. இருப்பவரை வாழ்நாளெல்லாம் வருத்தும்.

இன்றிரவு உங்கள் வீட்டு முதியவரின் பாதங்களை ஒருமுறை பாருங்கள். அவர் வேண்டாம் என்பார். ஆயினும் பாருங்கள்.