கூண்டில் அடையாளம் காட்டினால் மட்டும் போதாது: குற்ற மேல்முறையீடுகள் குறித்த எங்கள் நிலைப்பாடு

முன்பின் தெரியாத ஒருவரைச் சாட்சி நீதிமன்றக் கூண்டில்தான் முதன்முதலாக அடையாளம் காட்டுகிறார். வேறு ஆதாரம் இல்லை. அப்படி வந்த தண்டனையை மேல்முறையீட்டில் உறுதிசெய்யக் கூடாது. திருச்சி மாவட்டத்தில் ஏழை எதிரிகளுக்கு (குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்கு) சட்ட உதவி செய்யும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இதுவே.

ஏன் இந்த நிலைப்பாடு?

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில், விடியுமுன் கோலம் போடும் ஒரு பெண்ணின் சங்கிலியைப் பைக்கில் வந்த இருவர் அறுத்துச் செல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டியவர் தலையில் ஹெல்மெட். பின்னால் இருந்தவர் முகம் தெருவிளக்கில் ஓரிரு நொடிதான் தெரிந்தது. அந்த நொடியில் அந்தப் பெண்ணின் கவனமெல்லாம் சங்கிலியில். சில வாரம் கழித்து, "இவன்தானேம்மா?" என்று கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினால், அதன்பின் அவர் மனத்தில் பதிவது படத்திலுள்ள முகம். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையென்று நம்பியே உறுதியாகச் சொல்கிறார். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

முன்னதாக அடையாள அணிவகுப்பு (சந்தேகத்துக்குரியவரைப் பிறரோடு நிறுத்திச் சாட்சியை இனம்காணச் சொல்லும் சோதனை) நடத்தாமல், அறிமுகமில்லாதவரை நீதிமன்றத்தில் முதன்முறை அடையாளம் காட்டுவதற்கு மதிப்பில்லை என்று கண்ணன் எதிர் கேரள அரசு வழக்கில் (1979) உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால், அணிவகுப்பு இல்லை என்பதாலேயே சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது என்று மல்கான்சிங் வழக்கில் (2003) கூறியது. நெடுநேரம் அருகிலிருந்து பார்த்த சாட்சிக்கு இரண்டாவது பொருந்தலாம். நொடிப்பொழுது பார்த்தவருக்கு அதை நீட்டுவதை எதிர்க்கிறோம்.

திருச்சி செசன்ஸ் நீதிமன்றத் தண்டனைமீதான மேல்முறையீடு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகிறது. அங்கே சாட்சி நேரில் வருவதில்லை. பதிவான தாள்கள்தான் பேசும். வெளிச்சம், தூரம், பார்த்த நேரம் எதுவும் அதில் இல்லையென்றால் நீதிபதிகள் எதை வைத்து எடைபோடுவார்கள்?

பலர் உறுதியாகச் சொன்னாலும் அடையாளம் தவறலாம். இங்கிலாந்தில் பல பெண்கள் அடையாளம் காட்டியதால் அடால்ஃப் பெக் 1896லும் 1904லும் மோசடிக் குற்றவாளியென்று தீர்க்கப்பட்டார். அவர் காவலில் இருந்தபோதே உண்மைக் குற்றவாளி பிடிபட்டார். அந்நாட்டில் 1907இல் குற்ற மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைய அந்த வழக்கும் ஒரு முக்கியக் காரணம்.

நாங்கள் கோருபவை

1. கைதானவுடன் எதிரியின் முகத்தை மறைத்தே அழைத்துவர வேண்டும். அணிவகுப்புக்கு முன் சாட்சிக்குப் படமோ ஆளோ காட்டியிருந்தால், அந்த அடையாளத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கக் கூடாது.

2. மாற்றுத்திறனாளி சாட்சி அடையாளம் காட்டும்போது ஒலி-ஒளிப் பதிவை, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 54ஆம் பிரிவு கட்டாயமாக்குகிறது. இதை எல்லாச் சாட்சிகளுக்கும் விரிவாக்க வேண்டும்.

3. முதல் புகாரில் சொன்ன அங்க அடையாளம், வெளிச்சம், தூரம், அணிவகுப்புக்கு ஆன தாமதம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து தீர்ப்பில் எழுத வேண்டும். ஐயம் எஞ்சினால் அதன் பலன் எதிரிக்கே.

இது குற்றவாளிக்குப் பரிந்து பேசுவதல்ல. ஆள் மாறிச் சிறைக்குப் போனால், பறித்தவன் அடுத்த தெருவுக்குப் போகிறான். சங்கிலியைப் பறிகொடுத்தவருக்கும் நீதி கிடைப்பதில்லை.