ஓகே... எல்லாம் ஓகேவா?

ஒரு நாளைக்கு எத்தனை முறை 'ஓகே' சொல்கிறோம் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? நான் ஒருநாள் எண்ண ஆரம்பித்தேன். காலை பத்து மணிக்குள் இருபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்!

"நாளைக்கு ரெக்கார்டு நோட் கொண்டு வா" - ஓகே (சம்மதம்). "படம் எப்படிடா?" - ஓகே (சுமார்). "விழுந்துட்டியே, அடி பட்டுச்சா?" - ஓகே (ஒண்ணுமில்லை). "ஓகே, கிளம்பலாமா?" - இங்கே அர்த்தமே இல்லை, சும்மா பேச்சைத் தொடங்க.

இது எங்கே பிறந்தது? சிலர் கிரேக்கச் சொல் என்பார்கள். அமெரிக்கப் பூர்வகுடிகளான சோக்டா மக்களின் மொழியிலிருந்து வந்தது என்று நம்பி, ஜனாதிபதி உட்ரோ வில்சன் எழுத்துக்கூட்டலையே மாற்றி எழுதினார். உண்மையைத் தோண்டி எடுத்தவர் ஆலன் வாக்கர் ரீட் என்ற மொழி ஆய்வாளர். 1960களில் பழைய பத்திரிகைகளைப் புரட்டி அவர் கண்டுபிடித்தது இதுதான்: 1830களின் கடைசியில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு. சொற்களை வேண்டுமென்றே தப்பாக எழுதி, முதல் எழுத்துகளை மட்டும் போடுவார்கள். 'ஆல் கரெக்ட்' ஏ, சி என்றுதானே தொடங்க வேண்டும்? அதை ஓ, கே என்று தொடங்கி எழுதினார்கள். 1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' இதழில் அது அச்சானது.

இதே போலப் பிறந்த மற்ற சுருக்கங்கள் செத்துப்போயின. ஓகே மட்டும் பிழைத்ததற்குக் காரணம் ஒரு தேர்தல். 1840ல் மறுபடி போட்டியிட்ட ஜனாதிபதி மார்ட்டின் வான் பியூரனின் ஊர் கிண்டர்ஹுக். 'ஓல்ட் கிண்டர்ஹுக்' என்ற அவரது பட்டப்பெயரும் ஓகே! ஆதரவாளர்கள் ஓகே கிளப் தொடங்கினார்கள். அவர் தோற்றார், சொல் ஜெயித்தது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் உறுத்தலும். 'எல்லாம் சரி' என்பதையே தப்பாக எழுதிப் பிறந்த சொல் இது!

முதல் வருடம் ஹாஸ்டலில் இருந்தபோது அம்மா தினமும் போன் செய்வார். "எல்லாம் ஓகேதானே?" "ஓகேம்மா." அப்போது எனக்கு மூன்று அரியர். பாதி நாள் சாப்பிடவும் இல்லை. நான் பொய் சொல்லவில்லை, ஓகே என்றுதான் சொன்னேன். அதுதான் இந்தச் சொல்லின் வசதி. எதையும் சொல்லாமலே பதில் சொல்லிவிடலாம்.

சினிமாவுக்கும் டீக்கும் ஓகே போதும். ஆனால் நண்பன் முகம் வாடி 'ஓகேடா' என்றால், அத்தோடு விட்டுவிடாதீர்கள். இன்னொரு முறை கேளுங்கள்.

ஓகேவா?