பெண் துப்பாக்கி கேட்கிறாள்!



பெண் பட்டுப் பாவாடை கேட்டால் என்ன பதில் சொல்வது என்று நமக்குத் தெரியும். சைக்கிள் கேட்டாலும், வீணை கேட்டாலும்கூடத் தெரியும். "அம்மா, எனக்குச் சொந்தமாக ஒரு ஏர் ரைஃபிள் வேண்டும். அதுவும் பி.ஸி.பி.தான் வேண்டும்" என்று வந்து நின்றால்? விலையைக் கேட்டதும் அவள் அப்பா பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். பாட்டி, "பொம்மனாட்டிக் குழந்தைக்குத் துப்பாக்கியாவது!" என்று மோவாயில் கையை வைத்துக்கொள்வாள். முடிவு செய்கிற பாரம் கடைசியில் உங்கள் தலையில்தான் வந்து இறங்கும்.

பாட்டிக்கு முதலில் சமாதானம் சொல்லிவிடுவோம். 2008-ல் பீஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கப் பதக்கம் வாங்கினாரே, அது இந்தப் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பந்தயத்தில்தான். தனி ஆளாக ஓர் இந்தியர் வாங்கிய முதல் ஒலிம்பிக் தங்கம் அது. பெண்களுக்கான ஏர் ரைஃபிள் 1984-லேயே லாஸ் ஏஞ்சல்ஸில் ஒலிம்பிக்கில் சேர்ந்துவிட்டது. நம் கடலூரில் பிறந்து ஆமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ டி ஜெனீரோவில் உலகக் கோப்பைத் தங்கத்தைத் தட்டிக்கொண்டு வந்தார். ஆகவே இது விபரீத ஆசை ஒன்றும் இல்லை. செலவு பிடிக்கிற ஆசை, அவ்வளவுதான்.

பி.ஸி.பி. என்பது என்ன? காற்றை முன்கூட்டியே அடைத்து வைத்திருக்கும் ரைஃபிள். பொருட்காட்சியில் பலூன் சுடுகிறார்களே, அந்தத் துப்பாக்கிக்குள் இருப்பது ஒரு ஸ்பிரிங். விசையை அழுத்தியதும் ஸ்பிரிங் துள்ளும். அதோடு துப்பாக்கியும் துள்ளும். பி.ஸி.பி.யில் குழலுக்குக் கீழே நீளமாக ஒரு சிலிண்டர் இருக்கும். அதில் அடைத்த காற்றிலிருந்து ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு காற்று பிரிந்து வந்து தள்ளும். துள்ளல் என்பதே ஏறக்குறைய இல்லை. பத்து மீட்டர் தூரத்தில் இருக்கும் அட்டையில் பத்து மதிப்பெண் பெறும் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான். பேனா முனையால் தொட்டு வைத்தது மாதிரி. குண்டே 4.5 மில்லிமீட்டர்! அப்படிப்பட்ட புள்ளியைக் குறிவைத்து நின்றபடியே அறுபது முறை சுட வேண்டும். 2018 வரை பெண்களுக்கு நாற்பதாக இருந்தது. பிறகு ஆண்களுக்குச் சமமாக அறுபது ஆக்கிவிட்டார்கள். ஸ்பிரிங் துப்பாக்கியை வைத்துக்கொண்டு இந்த வித்தையில் வெகு தூரம் போக முடியாது. பெண் பொய் சொல்லவில்லை.

ஆனால், இன்றைக்கே வாங்க வேண்டுமா? பயிற்சிக்குப் போகும் ரேஞ்சில் பொது ரைஃபிள் இருக்குமானால், ஒரு வருஷமாவது அதில் பழகட்டும் என்பது என் அபிப்பிராயம். ஆசை நிலைக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் அல்ல. வளர்கிற உடம்பு ஆறு மாதத்துக்கு ஒரு தரம் மாறிவிடுகிறது. அந்த ஒரு வருஷத்தில் கையில் காசு இருந்தால் முதலில் ஜாக்கெட்டும் ஷூஸும் வாங்குங்கள். கான்வாஸும் தோலுமாகத் தைத்த அந்த விறைப்பான ஜாக்கெட்தான் முதுகைத் தாங்கிப் பிடிக்கிறது. நாலைந்து கிலோ எடையை ஏந்திக்கொண்டு இடுப்பை ஒரு பக்கமாக வளைத்து ஒன்றேகால் மணி நேரம் நிற்பது என்றால், நம் வீட்டுக் குழவிக்கல்லை நினைத்துப் பாருங்கள்!

சரி, ஒரு வருஷம் ஆயிற்று. பெண் விடவில்லை. பயிற்சி ஆசிரியரும் "வாங்கலாம்" என்கிறார். இப்போது எதைப் பார்ப்பது?

எல்லோரும் கம்பெனிப் பெயரைப் பார்க்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். வால்தர், ஆன்ஷுட்ஸ் இரண்டும் ஜெர்மனியில் ஸெல்லா-மேலிஸ் என்ற ஒரே ஊரில் பிறந்தவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இரண்டுமே உல்ம் நகரத்துக்குக் குடிபெயர்ந்தன. ஃபைன்வெர்க்பாவ், ஓபர்ன்டோர்ஃப் என்ற ஊரைச் சேர்ந்தது. ஆஸ்திரியாவின் ஸ்டெய்ர், இத்தாலியின் பார்டினி என்று இன்னும் உண்டு. இவற்றில் எதன் உயர்ந்த ரக ரைஃபிளை எடுத்தாலும், சுடத் தொடங்கிய பெண்ணைவிட ரைஃபிள் கெட்டிக்காரத்தனமாகத்தான் இருக்கும்.

பார்க்க வேண்டியது உடம்புக்குப் பொருந்துகிறதா என்பதை. ரவிக்கைக்கு அளவெடுக்கிற மாதிரியே! முதலில் கண். கடிகாரத்தைப் பார்த்துக் கட்டை விரலை நீட்டி, இரண்டு கண்ணையும் திறந்து கடிகாரத்தை மறைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடட்டும். எந்தக் கண்ணால் பார்க்கும்போது விரல் நகராமல் நிற்கிறதோ, அதுதான் அவளுடைய ஆளும் கண். வலது கைக்காரப் பெண்ணுக்கு இடது கண் ஆள்வதும் உண்டு. அப்படி இருந்தால் எந்தத் தோளில் வைத்துச் சுடுவது என்பதை ஆசிரியரோடு பேசி முடிவு செய்த பிறகே கடைக்குப் போங்கள். கைப்பிடி வலதுக்கும் இடதுக்கும் தனித்தனியாக வருகிறது. சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவும் உண்டு. நம் பெண்களில் அநேகருக்குச் சிறியதுதான் சரி. பெரிய பிடியில் விரல் நுனி விசைக்கு எட்டாது. எட்டிப் பிடிப்பதிலேயே மணிக்கட்டு இறுகிவிடும்.

அடுத்தது கழுத்து. ரைஃபிளைத் தூக்கிப் பிடித்ததும் தலை நிமிர்ந்தபடியே கண் பார்வைத் துளைக்கு நேராக வர வேண்டும். கன்னம் வைக்கும் கட்டையைத் தேடிக் குனிந்தால் அது அவள் ரைஃபிள் அல்ல. தோளில் பதியும் பகுதி, கன்னக்கட்டை, கை தாங்கும் இடம் எல்லாவற்றையும் ஏற்றி இறக்கக்கூடியதாகப் பாருங்கள். இந்த விஷயத்தில் அலுமினியச் சட்டம் போட்டவை சௌகரியம். பெண் வளர வளர அதுவும் கூட வளரும். மரக் கட்டையில் இவ்வளவு மாற்ற முடியாது. ஆனால் விலை குறைவாகக் கிடைக்கும். கையில் பிடிக்கவும் இதமாக இருக்கும். வளர்ச்சி நின்ற பெண்ணுக்கு மரம் போதும்.

எடையையும் கவனியுங்கள். விதிப்படி 5.5 கிலோ வரை போகலாம் என்பதற்காக நாற்பது கிலோப் பெண்ணின் இடுப்பில் அவ்வளவையும் ஏற்றக் கூடாது. லேசாக வாங்கினால் பின்னால் எடைத் துண்டுகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

விசையில் மின்சாரத்தால் வேலை செய்வதும் ஒன்று இருக்கிறது. முதல் ரைஃபிளுக்கு வேண்டாம் என்பேன். 2021-ல் டோக்கியோவில் மனு பாக்கரின் பிஸ்டல் பந்தயத்தின் நடுவில் மக்கர் செய்து, பொன்னான நிமிஷங்கள் போனது நினைவிருக்கிறதல்லவா? அவர் 2024-ல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கியது வேறு கதை. எந்த ரகமானாலும் மக்கர் செய்யலாம். பழுது பார்க்கிறவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதுதான் கேள்வி. கடைக்காரரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.

இனி காற்று. பிரஷர் குக்கரில் இருக்கும் அழுத்தம் சுமார் 1 பார். மோட்டார் டயரில் 2 பார் சொச்சம். இந்தச் சிலிண்டரில் 200 பார்! ஆகையால் இது விளையாட்டுச் சாமான் அல்ல. நிரப்பும் காற்று சுத்தமாகவும் ஈரமில்லாமலும் இருக்க வேண்டும். சென்னை மாதிரி ஊரில் ஈரம் உள்ளே போனால் துருதான். கைப் பம்பு உண்டு. ஆனால் கடைசி நாற்பது ஐம்பது பாருக்கு ஆள் மேலே ஏறிப் படுக்க வேண்டியிருக்கும். ரேஞ்சிலேயே கம்ப்ரஸரோ பெரிய சிலிண்டரோ இருக்கிறதா, அதன் இணைப்பு நீங்கள் வாங்கும் ரைஃபிளுக்குச் சேருமா என்று விசாரியுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மறை வேறாக இருக்கும். தாத்தாவுக்காக வாங்கி வைத்த ஆக்ஸிஜன் சிலிண்டரிலிருந்து மட்டும் ஒருநாளும் நிரப்பக் கூடாது. உள்ளே இருக்கும் பசையோடு ஆக்ஸிஜன் சேர்ந்தால் வெடித்துவிடும்.

பணம்? புதியது என்றால் இரண்டு ஸ்கூட்டர் வாங்கும் காசு ஆகிவிடும். இதற்காகக் கடன் வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அவளுக்கென்று சேர்த்த நகைச் சீட்டுப் பணம் இருந்து, அவள் இதைத்தான் கேட்கிறாள் என்றால், கொடுப்பதில் தப்பே இல்லை. பிள்ளை கேட்டிருந்தால் இவ்வளவு நாள் யோசித்திருப்போமா என்று ராத்திரி விளக்கணைத்த பிறகு அவள் அப்பாவை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

பழைய ரைஃபிளும் நல்ல யோசனைதான். வெடிமருந்தின் சூடு கிடையாது, குண்டும் மெத்தென்ற ஈயம். ஆகவே குழல் லேசில் தேயாது. ஆனால் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். அதிகம் போனால் பத்து வருஷம்தான் ஆயுசு. தேதி தாண்டிய சிலிண்டரோடு பந்தயத்தில் நிற்க முடியாது. புதுச் சிலிண்டர் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். அந்தக் குழலுக்கு எந்தக் குண்டு ஒத்துப்போகிறது என்று ரைஃபிளை இறுக்கிப் பூட்டிச் சுட்டுப் பார்ப்பார்கள். அதையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

கடையில் ஒரு ஜாக்கிரதை. பி.ஸி.பி. என்றதும் தொலைநோக்கி மாட்டிய, பலம் மிகுந்த வேறு ஜாதியை எடுத்துக் காட்டக்கூடும். பத்து மீட்டர் பந்தயத்தில் தொலைநோக்கிக்கு அனுமதி இல்லை. 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூல் சக்தியும் தாண்டாததற்கே லைசென்ஸ் வேண்டாம். பந்தய ரைஃபிள் ஏறக்குறைய 7.5 ஜூல்தான்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். சாவி உங்கள் இடுப்பில். குழலுக்குள் எப்போதும் ஆரஞ்சு நிறக் கயிறு கோத்தே இருக்கட்டும். குண்டில்லாமல் கூடத்துச் சுவரைப் பார்த்துத் தினம் அரைமணி பழகுவாள். அப்போது தம்பி குறுக்கே ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குண்டு ஈயம் என்றேன் அல்லவா? ரேஞ்சிலிருந்து வந்தவள் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தோசைத் தட்டில் கை வைக்கக் கூடாது. பதக்கம் வாங்கி வந்த அன்றைக்கும்!