துளசிக்கும் வல்லாரைக்கும் ஆகாது பாஸ்!

மக்களே, வீட்டுல மூலிகைத் தோட்டம் போடுற ஐடியா இருக்கா? தொட்டி வாங்குறதுக்கு முன்னாடி நான் சொதப்பின கதையைக் கேட்டுட்டுப் போங்க.

போன வருஷம் அப்பத்தாவைத் தேனிப் பக்கத்துலேர்ந்து சென்னைக்கு எங்க வாடகை வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டோம். ரெண்டாவது மாடி. மண்ணைத் தொடாம அவங்களுக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. 'சளி பிடிச்சா கிள்ள ஒரு கற்பூரவல்லி இல்லை, இதெல்லாம் ஒரு வீடா'ன்னு புலம்பல். ஒருநாள் ஊருக்குக் கிளம்பப் பையையே கட்டிட்டாங்க.

உடனே என் இன்ஜினீயர் மூளை விழிச்சுக்கிச்சு. பால்கனி கிரில்லில் நீளமா ஒரே பெட்டி. அதுல துளசி, புதினா, வல்லாரை, கற்பூரவல்லி. போட்டோவுக்கு சூப்பர்! ரெண்டே மாசம்தான். புதினா தண்டு ஓடி ஓடிப் பெட்டியையே பிடிச்சுக்கிச்சு. வல்லாரைக்காக தினமும் ஊத்தின தண்ணியில கற்பூரவல்லி அழுகிடுச்சு. துளசி, வெயில் பத்தாம ஹாஸ்டல் பையன் மாதிரி ஒல்லியா நெட்டையா நின்னுச்சு.

சரி, மொட்டை மாடிக்குப் போகலாம்னா, 'தளம் ஒழுகும் தம்பி'ன்னார் ஹவுஸ் ஓனர். அவர் பயத்துலயும் நியாயம் இருக்கு. 20 லிட்டர் தொட்டியில ஈர மண் நிரம்பினா 30 கிலோவைத் தாண்டும். தரையோட ஒட்டி வெச்சா அடியில ஈரம் காயாது. தென்னைநார்க் கழிவு கலந்து எடையைக் குறைக்கிறேன், செங்கல் மேல தூக்கி வைக்கிறேன்னு கெஞ்சினதுல, சுவர் ஓரமா ஆறு தொட்டிக்கு மட்டும் பர்மிஷன்.

இப்ப துளசியும் கற்பூரவல்லியும் மாடி வெயில்ல. (கற்பூரவல்லிக்குக் காசே வேணாம், பக்கத்து வீட்டுல ஒரு கிளை கிள்ளி நட்டா வேர் விட்டுடும்.) புதினாவுக்குப் பால்கனியில தனித் தொட்டி. வல்லாரை? 'அது வாய்க்கா ஓரத்துல கிடக்குறதுடா, அதைப் போயி வெயில்ல வாட்டுறியே'ன்னு அப்பத்தாவே ஒரு பழைய அகலமான பேசின்ல நட்டு, நிழல் பக்கம் தள்ளி வெச்சாங்க. எப்பவும் ஈரமா இருக்கணும், அவ்வளவுதான்.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். ஒரு ஞாயித்துக்கிழமை காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வீட்டுல எங்கெங்க எவ்வளவு நேரம் வெயில் விழுதுன்னு குறிச்சு வைங்க. தொட்டியா, பெட்டியா, தொங்கவிடுறதாங்கிறதெல்லாம் அதுக்கப்புறம்.

அப்பத்தா பையைப் பிரிச்சுட்டாங்களான்னு கேக்குறீங்களா? அது இன்னும் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு. ஆனா நேத்து, 'தூதுவளைக்கு ஒரு தொட்டி வாங்கியாடா, கொடி ஏற ரெண்டு குச்சியும்'னு ஆர்டர் வந்திருக்கு. ஏழாவது தொட்டிக்கு ஹவுஸ் ஓனர்கிட்ட யாருங்க பேசுறது?