கிடைக்கும் மருந்தா, பொருந்தும் மருந்தா?

ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு நாம் எழுதக்கூடிய மருந்துகள் நடைமுறையில் பெரும்பாலும் மூன்றுதான்: மெத்தில்ஃபெனிடேட், அட்டோமாக்செட்டின், குளோனிடின். மேலை நாடுகளில் பெரியவர்களுக்கு முதல் வரிசையில் தரப்படும் லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் இந்தியச் சந்தையில் இல்லை.

மெத்தில்ஃபெனிடேட் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் இருக்கிறது. எல்லா மருந்துக்கடைகளிலும் வைத்திருப்பதில்லை. சிற்றூரிலிருந்து வரும் பெற்றோர் சீட்டும் கையுமாகக் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். "இது போதை மாத்திரையாச்சே, பிள்ளைக்கா கொடுக்கப் போறீங்க?" என்று ஒரு கடைக்காரர் கேட்டுவிட்டால் போதும், சிகிச்சை அத்தோடு நின்றுவிடுகிறது. இந்தத் தொல்லை வேண்டாமென்றே நம்மில் பலர் அட்டோமாக்செட்டினை முதலில் எழுதுகிறோம். அது நல்ல மருந்துதான். பதற்றநோயோ போதைப்பழக்கமோ கூடவே இருப்பவர்களுக்குப் பல நேரங்களில் பொருத்தமானதும்கூட. ஆனால் கடையில் சுலபமாகக் கிடைப்பது மருத்துவக் காரணம் ஆகாது. 2018-இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வந்த கோர்டேசே குழுவின் ஒப்பாய்வு, குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் குறுகிய காலச் சிகிச்சையில் மெத்தில்ஃபெனிடேட்டையே முதல் தேர்வாக முன்வைத்தது.

எதை எழுதினாலும் அளவை முறையாகக் கூட்டாமல் கைவிடுவதுதான் இதைவிடப் பெரிய குறை. காலை ஏழு மணிக்குச் சாதாரண மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பள்ளி வேன் ஏறும் பையனை எண்ணிப் பாருங்கள். அதன் வேலை மூன்று நான்கு மணி நேரம்தான். முதல் இரண்டு பாடவேளைகள் ஒழுங்காகப் போகும். பதினொன்றரைக்குக் கணக்கு வகுப்பில் மறுபடி எழுந்து நடப்பான். "மருந்து கேட்கவில்லை" என்று ஆசிரியை குறிப்பு அனுப்புவார். மருந்து கேட்டிருக்கிறது, நேரம்தான் போதவில்லை. மதியம் இரண்டாவது வேளை தர வழியுண்டா, நீண்டநேரம் வேலைசெய்யும் மாத்திரைக்கு மாற்றலாமா என்று யோசிக்க வேண்டிய இடம் இது. அட்டோமாக்செட்டினில் கதை வேறு. கிலோவுக்கு 0.5 மில்லிகிராமில் தொடங்கி 1.2 வரை கொண்டுபோய், நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்த பிறகுதான் தீர்ப்புச் சொல்ல முடியும். இரண்டாம் வாரமே "பயனில்லை" என்று நிறுத்தப்பட்ட சீட்டுகள் நம் எல்லோர் மேசைக்கும் வருகின்றன.

பசியின்மையைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மதியச் சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வரும்போது பயப்படாத தாய் கிடையாது. காலை உணவுக்குப் பிறகு மாத்திரை, மாலையில் பசி திரும்பியதும் வயிறார உணவு என்ற சிறு மாற்றம் பல குடும்பங்களைச் சிகிச்சையில் நிறுத்தி வைக்கும்.

பெரியவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. மனச்சோர்வுக்கு ஃப்ளூக்செட்டினோ பாராக்செட்டினோ எடுப்பவருக்கு அட்டோமாக்செட்டின் சேர்த்தால் இரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு உயரலாம். மெதுவாகவே கூட்ட வேண்டும். குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் உண்டா, ஓடும்போது மயங்கி விழுந்ததுண்டா என்ற இரண்டு கேள்விகளை எந்த வயதினரிடமும் தவிர்க்கக் கூடாது.

நெரிசல் மிகுந்த புறநோயாளர் பிரிவில் இதற்கெல்லாம் நேரமில்லை என்பது உண்மைதான். ஆனாலும் இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, எடை, குழந்தையானால் உயரம் ஆகியவற்றை அளவு மாற்றும் ஒவ்வொரு முறையும் சீட்டிலேயே குறித்துவையுங்கள். மெத்தில்ஃபெனிடேட் வைத்திருக்கும் கடையின் பெயரை நீங்களே விசாரித்து, அதையும் அந்தச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.