ஆறறிந்து இறங்குக

சேத்தூருக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை மதில்போல் நிமிர்ந்து நிற்கின்றது. புலவர்களைப் புரந்த ஜமீனால் பெயர் பெற்ற அவ்வூருக்கு வளம் தருவது அம்மலையே. மலைமீது பெய்யும் மழை ஓடைகளாக இறங்கிக் கண்மாய்களை நிரப்புகின்றது. கண்மாய் நீரால் வயல் விளைகின்றது. தென்னையும் மாவும் தழைக்கின்றன. தேவதானத்தை அடுத்த சாஸ்தா கோவில் பகுதியிலும், இராசபாளையத்திற்கு மேற்கே அய்யனார் கோவில் ஆற்றிலும், திருவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பிலும் பாறைகளுக்கு இடையே பளிங்கு போன்ற நீர் சலசலத்து ஓடும் காட்சி கண்ணுக்கு விருந்தாகும். விடுமுறை நாட்களில் மாணவரும் இளைஞரும் அந்நீரை நாடிச் செல்வது இயல்பே. வெயிலில் வாடிய உடல் குளிர்ந்த நீரில் திளைக்கும்போது பெறும் இன்பத்திற்கு ஈடு உண்டோ!

ஆனால், அந்த நீரின் பெயர் காட்டாறு என்பதை மறத்தல் ஆகாது. தாமிரபரணியும் காவிரியும் சமவெளியில் நெடுந்தொலைவு நடந்து செல்லும் ஆறுகள். அவற்றில் பெரும்பாலும் வெள்ளம் படிப்படியாக ஏறும். கரையில் வாழ்வோர் ஒதுங்குவதற்குக் காலம் கிடைக்கும். காட்டாறு அத்தகையது அன்று. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த மலையினின்றும் சில கல் தொலைவிலேயே அது அடிவாரத்தை அடைந்துவிடுகின்றது. செங்குத்தான பாறைச் சரிவுகள் மழைநீரைத் தேக்கி வைப்பதில்லை. பெய்த நீரையெல்லாம் ஒரே ஓடையில் கொட்டிவிடுகின்றன. ஆதலின், ஆண்டில் பல திங்கள் மணலும் கல்லுமாகக் கிடக்கும் ஓடை, மலையில் ஒரு மணி நேரம் பெருமழை பெய்தால் யானையையும் இழுத்துச் செல்லும் வெள்ளமாக மாறிவிடுகின்றது. அப்பொழுது அடிவாரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கலாம். ஓர் இலைகூட நனைந்திராது. காட்டாற்றின் ஆபத்து குளிக்கும் துறையில் இல்லை. கண்ணுக்கு எட்டாத மலையுச்சியில் இருக்கின்றது.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 2015ஆம் ஆண்டு மே திங்களில், திருவில்லிபுத்தூருக்கு வடமேற்கே உள்ள சதுரகிரி மலைக்கு அமாவாசை வழிபாட்டிற்காகச் சென்ற பக்தர் பலர் ஓடைகளில் திடீரெனப் பெருகிய வெள்ளத்தில் சிக்கினர், சிலர் உயிரிழந்தனர். 2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், அதே மலைத்தொடரின் தென்பகுதியில் உள்ள பழைய குற்றால அருவியில் மக்கள் குளித்துக்கொண்டிருந்தபோது வெள்ளம் பாய்ந்தது. பலர் அலறி ஓடித் தப்பினர். பதினேழு வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். இரண்டும் கோடைக் காலத்தில் நிகழ்ந்தவை என்பது கருதத்தக்கது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு அஞ்சுவோரும் கோடை மழையைப் பொருட்படுத்துவதில்லை. மலையோ கோடையில் கறுக்கும் ஒரு மேகத்தையும் வெள்ளமாக்கி அனுப்பவல்லது.

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பது பழமொழி. கிணற்றுக்கும் குளத்துக்கும் இவ்வறிவுரை போதும். காட்டாற்றுக்கு இது பாதி அறிவுரையே ஆகும். அங்கே ஆழத்தைக் காட்டிலும் விரைவே பகை. ஓடும் நீரின் விரைவு இரு மடங்கானால் அது உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகின்றது. விரைவு மும்மடங்கானால் விசை ஒன்பது மடங்காகின்றது. ஒரு மீட்டர் நீளமும் அகலமும் உயரமும் உடைய நீரின் எடை 1000 கிலோ. அத்தகைய சுமை நொடிதோறும் வந்து மோதும்போது முழங்கால் அளவு நீரும் வளர்ந்த மனிதரை வீழ்த்திவிடும். ‘முழங்கால் நீர்தானே’ என்று எண்ணிக் கடக்கப் புகுந்து உயிரிழந்தோர் பலர்.

‘எனக்கு நீந்தத் தெரியும்’ என்ற செருக்கும் இங்கே உதவாது. மலையடிவாரத்துச் சிறுவர் பெரும்பாலும் கிணற்றிலும் கண்மாயிலும் நீந்தக் கற்றவர்கள். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டோ, வாழைத்தண்டைப் பற்றிக்கொண்டோ கற்ற அக்கலை நன்று. அது வேண்டுவதும் ஆகும். எனினும், கிணற்று நீர் நிற்கும் நீர். ஆற்று நீர் நடக்கும் நீர். நீந்தத் தெரிவது வேறு; ஆற்றை அறிவது வேறு. ஓடும் நீரில் எழுந்து நிற்க முயல்பவனின் கால் பாறை இடுக்கில் சிக்கினால், பின்னிருந்து தள்ளும் நீர் அவனைக் குப்புற வீழ்த்தி அமிழ்த்திவிடும். வீழ்ந்து கிடக்கும் மரத்தின் கிளைகள் வடிகட்டிபோல் நின்று நீரைப் போகவிடும்; மனிதனைப் போகவிடா. அருவியின் அடியில் வெண்மையாகப் பொங்கும் நுரைநீரில் காற்று மிகுதியாகக் கலந்திருப்பதால், அந்நீருக்கு உடலைத் தாங்கும் வலிமை குறைவு. தடுப்பணையைத் தாண்டி விழும் நீர் அடியில் சுழன்று மீண்டும் அணையை நோக்கியே திரும்புகின்றது. அச்சுழலில் அகப்பட்டவனை அது எளிதில் வெளியே விடுவதில்லை. பார்வைக்கு அமைதியாகத் தோன்றும் தடுப்பணைகளில் வலிய நீச்சல்காரரும் மாண்டுபோவதற்கு இதுவே காரணம்.

மிதவைகளை நம்புவோர் நிலையும் இதுவே. லாரி டியூபின்மேல் அமர்ந்தும், வாழைமரங்களைப் பிணைத்துத் தெப்பமாக்கியும் ஓடும் நீரில் மிதந்து செல்வது இளைஞருக்கு இனிய விளையாட்டு. அசையாத கண்மாயில், பெரியவர் பார்வையில், அது விளையாட்டாகவே முடியலாம். ஆற்றிலோ, டியூபுக்குத் திசை இல்லை. நீர் கொண்டுபோகும் வழியே அது போகும். அதனைக் கயிற்றால் இடுப்பில் கட்டிக்கொள்வது பெரும் பிழை. கயிறு கல்லிலோ கிளையிலோ மாட்டிக்கொண்டால் மிதவையே தூக்குக் கயிறாகிவிடும். ஒகேனக்கல்லில் தலைமுறை தலைமுறையாகக் காவிரியில் துடுப்பு வலிக்கும் பரிசல் ஓட்டிகளைக் காணலாம். பாறையும் சுழலும் அவர்களுக்கு மனப்பாடம். அத்தகையோர் செலுத்தும் பரிசலிலும் ஏறுவோர் உயிர்காக்கும் மிதவை உடையை அணிந்தே ஏறவேண்டும் என்பது விதி. கருநாடகத்து அணைகளிலிருந்து நீர் மிகுதியாகத் திறந்துவிடப்பட்டால், மாவட்ட ஆட்சியினர் பரிசல் செலுத்துவதையே நிறுத்திவிடுகின்றனர். ஆற்றை நன்கறிந்தவர்களே ஆற்றுக்கு அடங்கி நடக்கின்றார்கள். அறியாதவனோ அதனை அறைகூவி அழைக்கின்றான்.

ஆற்றில் இறங்குமுன் அறிய வேண்டுவன சில உள. முதலாவது, மேற்கு வானத்தை நோக்குதல். மலைமுகட்டில் மேகம் கறுத்திருந்தாலும், இடி முழங்கினாலும் இறங்குதல் தகாது. வனத்துறையினரோ காவல்துறையினரோ தடை விதித்திருந்தால் அதனை மீறலாகாது. குற்றாலப் பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டி நீர் விழும்போது குளிப்பதைத் தடை செய்கின்றார்கள். அத்தடையால் காக்கப்பட்ட உயிர்களுக்குக் கணக்கு இல்லை. இரண்டாவது, நீர் ஏறினால் எவ்வழியே மேட்டுக்குச் செல்வது என்பதை முன்னரே பார்த்து வைத்தல். ஆற்றின் நடுவே உள்ள பாறையில் அமர்ந்து உணவு உண்பதும் உறங்குவதும் கூடா. மூன்றாவது, நீர்மட்டத்தில் உள்ள ஒரு கல்லை அடையாளமாகக் கொண்டு அடிக்கடி நோக்குதல். கல் மறைந்தால் ஆறு ஏறுகின்றது என்பது பொருள். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குதலும், சருகும் சுள்ளியும் மிதந்து வருதலும், மேற்புறத்தில் இரைச்சல் எழுதலும் வெள்ளம் அனுப்பும் தூதர்களாகும். தூதரைக் கண்டபின் துணியையும் செருப்பையும் தேடுதல் அறிவீனம். கைப்பேசியில் படம் எடுக்க நிற்பது அதனினும் பெரிய அறிவீனம். நின்ற கரையிலேயே உடனே மேடேறவேண்டும். தோழர்கள் எதிர்க்கரையில் இருப்பினும் அவர்களை அடைய ஆற்றைக் கடத்தல் ஆகாது. காட்டாற்று வெள்ளம் விரைந்து வருவதுபோலவே மழை நின்றபின் பெரும்பாலும் விரைந்து வடிந்துவிடும். சில மணி நேரம் காத்திருப்பதால் இழப்பது ஒன்றுமில்லை.

தவறி விழுந்தவன் செய்யத்தக்கது யாது? விரைந்தோடும் நீரை எதிர்த்து நீந்துதல் வீண். கை சோர்ந்து மூச்சு முட்டும். மல்லாந்து, கால்களை நீர் செல்லும் திசையில் நீட்டி, பாதங்களை நீர்மட்டத்திற்கு உயர்த்தி மிதக்கவேண்டும். அப்பொழுது பாறையில் மோதுவது பாதமாக இருக்கும், தலை தப்பும். விரைவு குறைந்த இடம் வந்ததும் கரையை நோக்கிச் சாய்வாக நீந்தி ஒதுங்கவேண்டும். தரை தட்டும் அளவுக்கு நீர் குறையும்வரை எழுந்து நிற்க முயலலாகாது.

ஒருவன் மூழ்கும்போது அருகில் இருப்போர் உள்ளம் பதறுவது இயற்கை. அப்பதற்றத்தில் நண்பன் ஒருவன் குதிக்கின்றான். அவனைக் காக்க மற்றொருவன் குதிக்கின்றான். ஒருவர் சாவு மூவர் சாவாகின்றது. மூழ்குபவன் கிடைத்ததைப் பற்றுவான், பற்றியவனையும் அமிழ்த்துவான். ஆதலின், கரையில் உறுதியாக நின்று கம்பையோ கிளையையோ நீட்டவேண்டும். கயிறு, வேட்டி, காலியான பிளாஸ்டிக் குடம் முதலியவற்றை எறியவேண்டும். உரக்கக் கூவிப் பெரியவரை அழைக்கவேண்டும்.

2020ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பெரம்பலூர் மாவட்டத்துக் கொட்டரை என்னுமிடத்தில், மருதையாற்றின் குறுக்கே அமைந்த நீர்த்தேக்கத்தில் நால்வர் ஆழத்தில் சிக்கினர். அங்கே இருந்த மூன்று பெண்கள் சிறிதும் தயங்காமல் தாம் உடுத்தியிருந்த சேலைகளைக் களைந்து அவர்களை நோக்கி வீசினர். சேலையைப் பற்றிய இருவர் கரையேறினர். மற்ற இருவரைக் காக்க இயலவில்லை. நாணத்தினும் உயிர் பெரிது என்று கருதிய அம்மூவருக்கும் தமிழ்நாடு அரசு கல்பனா சாவ்லா விருது வழங்கியது. கையில் கயிறு இல்லை என்று கலங்கி நில்லாமல், உள்ளதையே கயிறாக்கிய அவர்களின் செயல் என்றும் போற்றத்தக்கது.

கரை சேர்க்கப்பட்டவனைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும், வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயல்வதும் சில இடங்களில் வழக்கம். இவை காலத்தை வீணாக்கும், தீங்கும் செய்யும். மூச்சு நின்றவனுக்கு உடனே வேண்டுவது மூச்சே. பயின்றவர் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயலவேண்டும். அதே வேளையில் மற்றொருவர் 108 என்ற எண்ணுக்கு அழைத்து மருத்துவ ஊர்தியை வரவழைக்கவேண்டும்.

ஆற்றுப்பக்கமே பிள்ளைகளை விடலாகாது என்று கூறும் பெற்றோர் உண்டு. எச்சரிக்கைப் பலகை நட்டதோடு கடமை முடிந்தது என்று கருதுவோரும் உண்டு. தடையும் பலகையும் தேவையே. ஆயினும், மலையடிவாரத்தில் பிறந்த பிள்ளையை வாழ்நாள் முழுவதும் நீருக்கு அயலாக வைத்தல் இயலுமோ? இன்று தடுக்கப்பட்டவன் நாளை ஒருவருக்கும் சொல்லாமல் செல்வான், அறியாமையோடு செல்வான். அறியாமையே ஆற்றினும் ஆழமானது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். 5 முதல் 14 வயது வரை உள்ள சிறாரின் இறப்புக்குக் காரணமானவற்றுள் இது மூன்றாம் இடம் பெறுகின்றது. பள்ளிச் சிறாருக்கு நீச்சலையும், நீரில் காத்துக்கொள்ளும் முறையையும், பிறரைப் பாதுகாப்பாக மீட்கும் வழியையும் கற்பிக்கவேண்டும் என்பதே அந்நிறுவனத்தின் அறிவுரை. ஐக்கிய நாடுகள் அவை 2021 முதல் ஜூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாளாகக் கடைப்பிடித்து வருகின்றது. சேத்தூர் போன்ற மலையடிவாரத்து ஊர்களில் உள்ள பள்ளிகள் அந்நாளையேனும் இக்கல்விக்கு உரியதாக்குதல் வேண்டும். கணக்கும் இலக்கணமும் கற்கும் மாணவன், தன் ஊர் ஓடை எந்த மலையில் பிறந்து எவ்வழியே வருகின்றது என்பதையும் கற்கவேண்டும் அன்றோ!

அஞ்சத்தக்கதற்கு அஞ்சுவது கோழைத்தனம் ஆகாது. அது அறிவின் அடையாளம். பெருகி வரும் வெள்ளத்தில் குதிப்பவனை வீரன் என்று சொல்லிக் கைதட்டும் தோழன், உண்மையில் அவனுக்குப் பகைவன். ‘இன்று வேண்டாம், மலையில் மேகம் கறுக்கின்றது, திரும்புவோம்’ என்று சொல்லக்கூடியவனே துணிவுடையவன். ஆறு எங்கும் போய்விடாது. மலை உள்ளவரை மழையும், மழை உள்ளவரை ஓடையும் இருக்கும். அடுத்த விடுமுறையில் அதே பாறைமேல் அமர்ந்து, அதே தெளிந்த நீரில் கால் நனைத்து மகிழலாம். அதற்கு வேண்டுவது ஒன்றே: இன்று பத்திரமாக வீடு திரும்புதல்.